காளியைப் பார்த்துச் சிரிக்காதே

அப்போது மலைக்குப் பஸ் கிடையாது. நடந்து இறங்கி, அடிவாரத்தில்தான் பஸ் ஏறினோம். அன்று ஒடுகத்தூரில் மயானக் கொள்ளைத் திருவிழா. முன் சீட்டில் ஒருத்தி தன் மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருசமாவது உங்கப்பாவப் பாத்து பயப்படுடி.”

“எப்டிம்மா பயம் வரும்? காளி வேசம் கட்டிக்கினாலும், கால் சுண்டுவிரலு வளைஞ்சி நம்ம அப்பா மாதிரியே இருக்குதே.”

“உனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? போன வருசம் நீ சிரிச்சே, கூட்டமே சிரிச்சிடுச்சி. வூட்டுக்கு வந்த மனுசன் சோறே துன்னல.”

“சரி, ஓடிப்போய் ஒளிஞ்சிக்கிறேன். நீ இன்னா பண்ணுவே?”

“நானா? வருசா வருசம் முந்தானைய வாயில அடச்சிக்கினு குலுங்குவேன். பயந்து அழுவுறேன்னுதான் உங்கப்பா இன்னும் நெனச்சிக்கினு இருக்காரு.”