மெஷின் மேல் தீர்த்தம் படவேண்டாம்

தீர்த்தத்தைக் கொஞ்சம் தள்ளித் தெளியுங்கள், ஃபாதர். சுவரில் படலாம், ஜன்னலில் படலாம், என் தலையில் தாராளமாகப் படலாம். மெஷின் மேல் மட்டும் வேண்டாம். வார்ப்பிரும்புக்கு மந்திரித்த தண்ணீர், சாதாத் தண்ணீர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பிடோக்கில் கடல்காற்று வேறு. ஒரு சொட்டைத் துடைக்காமல் விட்டால் மறுநாள் செம்புள்ளி விழுந்திருக்கும்.

நீங்கள் சிரிக்கவில்லை. தெளிக்கவும் இல்லை. பங்கில் என் கடி ஜோக்குகளுக்கு முதலில் சிரிக்கிற ஆளே நீங்கள்தான். புது அறையை மந்திரிக்க வாருங்கள் என்று மிரண்டா கூப்பிட்டாள், வந்தீர்கள். வந்ததும் தீர்த்தச் செம்பை ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து மச்சானின் அலுமினிய மாத்திரை டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தீர்கள். முதியோர் ஹோமில் மச்சானுக்கு நற்கருணை கொடுத்துவிட்டு நேராக வருவதாகச் சொன்னீர்கள். மச்சான் என்றால் வேறு யார், மிரண்டாவின் அண்ணன் அந்தோனி, போன ஈஸ்டர் வரை இதே அறையில் படுத்து எழுந்தவர். இடுப்பெலும்பு கூடிவிட்டதாம். புத்தியும் தெளிவாக இருக்கிறதாம். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். சந்தோஷம். அதைப் பிறகு பேசுவோம்.

அதற்கப்புறம் ஒன்று சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மச்சான் உங்களிடம் ரகசியமாகச் சொன்னாராமே. "மாப்ள இந்த டப்பாவுக்கு மரையைத் தப்பா வெட்டிட்டான் ஃபாதர். மூடி வலப்பக்கம் திருப்பினாத்தான் தொறக்குது. அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சு போயிடுவான்."

தப்பாக வெட்டினேனாம். நான்.

என்னைக் கஞ்சன் என்று சொல்லுங்கள், பூசைக்குப் பாதியில் வந்து பாதியில் போகிறவன் என்று சொல்லுங்கள், பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். மரை வெட்டத் தெரியாதவன் என்று ஒரு மனிதர் நினைத்து, அதற்காக என் மேல் இரக்கமும் பட்டு, அதைப் பங்குச் சாமியாரிடம் வேறு சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வராது. உட்காருங்கள். ஸ்டூல் சுத்தமாகத்தான் இருக்கிறது, இரும்புச் சுருள் எதுவும் குத்தாது. மிரண்டா டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நடந்ததை முதலிலிருந்து கேட்டால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

இந்த லேத் வந்த அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்கும் நடுவில் வைத்தேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதிப் பல்சக்கரம் பிளாஸ்டிக். வேகத்தைக் கூட்டினால் பசித்த பூனை மாதிரிக் கத்தும். ஆனால் அதில்தான் குஷியே இருக்கிறது, ஃபாதர். வாங்கும்போது அது பாதி மெஷின். மீதிப் பாதியை நாம் செய்ய வேண்டும். முதலில் பல்சக்கரங்களை எல்லாம் இரும்பாக மாற்றினேன். பிறகு பேரிங். சுழலும் தண்டை ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்து, புது பேரிங்கை ஓவனில் சூடாக்கி, இரண்டையும் சேர்த்தேன். ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடேயப்பா, அன்று சமையலறையிலேயே ஆடினேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மச்சானும் கைத்தடியோடு சேர்ந்து ஆடினார். மிரண்டா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் கிறுக்கு முத்திப்போச்சு லா."

அப்புறம் இரும்பைச் செதுக்கிச் சமமாக்கும் மில்லிங் மெஷின் வந்தது. ஸ்டோரில் இடமில்லை, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே அது பட்ட பாடு இருக்கிறதே. ஈரத் துணி சொட்டும், துருப்பிடிக்கும், மிரண்டாவின் புடவையில் இரும்புத் தூள் ஒட்டும், அவள் கத்துவாள். அதைவிடப் பெரிய தலைவலி, சின்ன மில்லிங் மெஷினின் தூண் ஆடும். வெட்டும்போது மயிரிழை ஆடினால் போதும், வேலை கெட்டது. தூணைக் கனமாக்கி, பின்னால் இரும்புத் தகடு கொடுத்து, நல்ல கான்கிரீட் சுவரோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். அப்படிப்பட்ட சுவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது.

நான் கேட்காமல் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். மச்சானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நான் போனப்புறம் எடுத்துக்க மாப்ள. அதுக்கு மின்னாடி எங்கடா போவேன் நான்?" இது அவர் அப்பா வாங்கிய வீடு. நாங்கள் கல்யாணம் செய்தபோது பெரிய அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்தச் சின்ன அறைக்கு வந்தவர். அவர் வாயாலேயே அறையை எனக்கு என்று சொல்லிவிட்டார். நான் தேதியை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

திட்டமெல்லாம் போடவில்லை. உண்மையில் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பிழையில்தான் அது ஆரம்பித்தது. டிஜிட்டல் ஸ்கேல் மாட்டாத காலம் அது, அதனால் மன்னிக்கலாம். மச்சானின் கைத்தடிக்கு அடியில் புது அலுமினியக் குமிழ் ஒன்று கடைந்து போட்டேன். அளவு கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது. அவர் காரிடாரில் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயசாயிருச்சு மாப்ள. காலு நிக்க மாட்டேங்குது." காலைச் சந்தேகப்பட்டார், தடியைச் சந்தேகப்படவில்லை. என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கை அந்த மனிதருக்கு. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. குமிழை அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வாரமே டிஜிட்டல் ஸ்கேல் வந்தது. இதோ, பச்சை எண்கள் ஓடுகின்றன பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாக்கி அதில் ஒரு பங்கைக் காட்டும். இதை மாட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்தாலும் சரியாக வரும் என்ற நிலைக்கு ஒரு மனிதன் வந்துவிட்டால், எதையாவது செய்யாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

முதலில் கேட் பூட்டின் சாவி. சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் சாவி வெட்டும் ரத்னவேலிடம் பல் வெட்டாத சாவிகள் சில வாங்கி வந்தேன். திறக்காத சாவியை எவனும் செய்வான், ஃபாதர். சில நேரம் திறந்து சில நேரம் திறக்காத சாவியைச் செய்து காட்டட்டும், பார்க்கலாம். ஒரே ஒரு பல்லை மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கூடுதல் ஆழமாக வெட்ட வேண்டும். எத்தனை சாவி வீணானது தெரியுமா. கடைசியில் வந்தது பாருங்கள் ஒன்று, முத்தமிடலாம் போல இருந்தது. அதை மச்சானின் வளையத்தில் மாட்டினேன். அச்சு அசலாக இன்னொன்று, ஒழுங்காகத் திறப்பது, என் பையில் இருக்கும்.

சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வருவார் மச்சான். பக்கத்து வீட்டு முனீரா மிரண்டாவுக்கு மெசேஜ் போடுவாள், அங்கிள் கேட்டைத் திறக்கத் தெரியாமல் கறிப்பையோடு நிற்கிறார் என்று. நான் ஓடிப்போய் அவர் சாவியை வாங்குவேன், உள்ளங்கையில் மாற்றுவேன், ஒரே திருப்பு. "தொறக்குதே மச்சான். தலைகீழா போட்டிருப்பீங்க." அவர் சாவியையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் சாவி அவ்வளவு அழகாக வேலை செய்தது.

இப்போது இந்த டப்பாவுக்கு வருகிறேன். அவர் பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு. பிளட் பிரஷர் மாத்திரை வைத்துக்கொள்ள. மேலே அவர் பெயரைக்கூடப் பொறித்திருக்கிறேன். எல்லாரும் மெச்சினார்கள். இந்த இழுப்பறையில் அதன் இரட்டை இருக்கிறது, பாருங்கள். எடை, பளபளப்பு, எழுத்து, எதிலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இதை இடப்பக்கம் திருப்புங்கள், எல்லா மூடியும் போலத் திறக்கும். நீங்கள் கொண்டுவந்ததை இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். அதற்கு லேத்தின் பல்சக்கர வரிசையில் நடுவே ஒன்றைக் கூடுதலாகச் செருகி, ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அதற்கான தாங்கியை நானே வடிவமைத்தேன். அந்தத் தாங்கியைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம்.

சில நாள் இது, சில நாள் அது என்று ராத்திரி மாற்றி வைப்பேன். எது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. காலையில் மேசையில் உட்கார்ந்து திருகுவார், திருகுவார், மணிக்கட்டு சிவந்துவிடும். நேற்றுத் திறந்த டப்பா இன்று ஏன் திறக்கவில்லை என்று யாரிடம் கேட்பார்? தங்கச்சியிடம் சொல்ல வெட்கம். மாத்திரை போடாமலே எழுந்து போய்விடுவார். டாக்டரிடம் மிரண்டா கூட்டிப்போனாள். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாராம். கடைசியில் அவரே அழுதாராம். "எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர். ஆனா டப்பா தொறக்கத் தெரியல, வீட்டு கேட் தொறக்கத் தெரியல." நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஃபாதர். பொய் சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. சொல்லவே இல்லை.

மாத்திரை இல்லாமல் பிரஷர் ஏறியிருக்கும். தேக்கா மார்க்கெட்டில் தலை சுற்றி, ஈரத் தரையில் விழுந்தார். விழுந்தது தேக்காவில், என் வீட்டில் இல்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கைத்தடி கொஞ்சம் குட்டைதான், இருந்தாலும் ஈரத்தில் எந்தத் தடியும் வழுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, ஹோமுக்குப் போகிறேன் என்று சொன்னவரும் அவர்தான். "மிரண்டாவுக்குப் பாரமா இருக்க மாட்டேன். அங்க பூட்டு சாவி எதுவும் வேணாம்ல." மிரண்டா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். அன்றே இந்தச் சுவரில் துளை போட ஆரம்பித்தேன். தூணை நிமிர்த்தி, போல்ட்டை முறுக்கி, முதல் வெட்டு வெட்டினேன். கண்ணாடி மாதிரி வந்தது. என் முகமே தெரிந்தது. கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டு அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். இதைவிட உண்மையாக நான் ஜெபம் செய்ததில்லை.

அங்கே போனதும் அவர் புத்தி தெளிந்துவிட்டதாம். தெளியாமல் என்ன செய்யும்? அங்கே டப்பா தினமும் ஒரே டப்பா. அவர் பையில் மாட்டிக்கொண்டது இந்த எதிர் மரை. மாற்றி வைக்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. தினமும் ஒரே பக்கம் திறந்தால் யாரும் பழகிக்கொள்வார்கள். பழகிக்கொண்டு, கடைசியில் மனிதர் என்ன முடிவுக்கு வந்தார்? டெரன்ஸ் தப்பாக வெட்டிவிட்டான். அவ்வளவு செய்தும் எனக்குக் கிடைத்த பெயர் அது.

ஆகவே தயவுசெய்து அவரிடம் போய்ச் சொல்லுங்கள். அந்த மரை வேண்டுமென்றே வெட்டியது. ஒவ்வொரு சுற்றும் அளவு பார்த்து வெட்டியது. கேட்டால் சந்தோஷப்படுவார். என் வேலையை எப்போதும் மெச்சுகிறவர் அவர் ஒருவர்தான்.

மிரண்டா, வா, வா. எவ்வளவு நேரமாகத் தட்டோடு வாசலில் நிற்கிறாய்? ஃபாதருக்குக் கொடு. அங்கே வைக்காதே, மெஷின் மேசையில் வைக்காதே, டீ சிந்துகிறது பார், துருப்பிடிக்கும். துணி எங்கே? ஃபாதர், அந்தத் துணியை எடுங்கள். மிரண்டா, டப்பாவை ஏன் எடுக்கிறாய்?

"அண்ணனைக் கூட்டியாரப் போறேன்" என்கிறாள். இப்போதா? அவரை எங்கே படுக்க வைப்பாள்? எல்லாம் போல்ட் போட்டாகிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறாளே.

நல்லவேளை, துடைத்துவிட்டேன். கறை இல்லை.

கேட்டில் சத்தம் கேட்கிறதா, ஃபாதர்? உள்ளேயிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். அவசரத்தில் அண்ணனின் சாவியை எடுத்துவிட்டாள், முதல் கொக்கியில் தொங்குவது அதுதான். திருப்புகிறாள், திறக்கவில்லை. மறுபடி திருப்புகிறாள். அவளுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. மறதி இல்லை, கைநடுக்கம் இல்லை. நீங்களே உங்கள் காதால் கேட்கிறீர்கள். இப்போதாவது மச்சானிடம் போய்ச் சொல்வீர்களா, டெரன்ஸ் வேலையில் தப்பே வராது என்று?