பச்சை நூல் கட்டிய பாட்டில்

ஆப்பிள் பாகு வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஃபாதர். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். போன ஞாயிறு உங்களுக்கு அனுப்பினது தீர்ந்துவிட்டதா என்று வெளியிலேயே கேட்டிருப்பேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டு, பாவ அறிக்கையாகச் சொல்ல வேண்டியது இருந்ததால் உள்ளே வந்தேன்.

செப்டம்பர் பிறந்தால் பாண்டி பஜார் தள்ளுவண்டிகளில் சிம்லா ஆப்பிள் வந்துவிடும். தோலோடு வேகவைத்து, மல் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தானாக வடிய விட வேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் கலங்கிவிடும். அப்புறம் பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டுச் சின்னத் தீயில் சுண்ட வைப்பேன். புட்டிங், கேக், பூசை முடிந்து வந்து சாப்பிடும் ஆப்பம், எதன் மேலும் ஊற்றலாம். மந்தைவெளியில் நம் பங்கு வீடுகளில் பாதிக்கு என் பாட்டில்தான் போகிறது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, சர்க்கரையே சேர்க்காமல் தனியாகச் செய்து, பாட்டில் கழுத்தில் பச்சை நூல் கட்டுவேன். அந்தப் பாட்டில் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் நீங்கள். இன்னொருவர் என் தங்கை கணவர் லாய்ட்.

என் தங்கை சான்ட்ராவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே இன்சுலின். கல்யாணம் ஆகும்வரை நான்தான் ஊசி போட்டேன். தொண்ணூற்று மூன்றில், மாதா திருநாள் ஜெபக்கூட்டத்தில் லாய்ட் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னார். "எம் மனைவிக்குப் பூரண சுகம் கெடைச்சிருச்சு. இனிமே ஊசி போட்டா அது அவிசுவாசம்." ஃபிரிட்ஜிலிருந்து கொண்டுவந்த மருந்துப் புட்டிகளை எல்லார் கண்முன்னாலும் குப்பைத்தொட்டியில் போட்டார். சான்ட்ராவுக்கு அவரை எதிர்த்துப் பேசி வழக்கமில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஊட்டியில் இருந்தேன். ஐந்தாம் நாள் தந்தி வந்தது, சான்ட்ரா போய்விட்டாள் என்று. கூட்டத்தைப் பிறகு வீடியோ கேசட்டில்தான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் அவருக்கே சர்க்கரை வந்தது. ஜெபமாலைப் பெட்டிக்கு அடியில் மாத்திரையை ஒளித்து வைத்திருந்தார். அவளுக்கு அவிசுவாசம், இவருக்கு மட்டும் மாத்திரை. அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை இறங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"பயப்படாம ஊத்திக்கலாம்ல, அக்கா?" என்று முதல் பாட்டிலைக் கொண்டுபோனபோது கேட்டார்.

"ஆப்பிளோட சொந்த இனிப்புதான் லாய்ட். ஒரு துளி சர்க்கரை கெடையாது" என்றேன்.

அந்தப் பச்சை நூல் பாட்டிலுக்கு லிட்டருக்கு ஒரு கிலோ சர்க்கரை போட்டேன். மற்ற வீடுகளுக்கு அரைக் கிலோதான். ஞாயிறு தவறாமல் நானே கொண்டுபோய் ஆப்பத்தின் மேல் ஊற்றினேன். முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. டாக்டர் சத்தம் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பதில் சொன்னேன். கண் மங்கின பிறகு, பாட்டில் கழுத்தைத் தடவி நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். "கூடப் பொறந்த அக்கா மாதிரி பாத்துக்கிறீங்க" என்று என் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்தீர்கள். அவரைக் கொன்றது நான்தான், ஃபாதர். செய்த பாவத்துக்கு வருத்தம், மனஸ்தாபம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை.

இந்தத் தொட்டியில் கேட்டதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். இனிமேல் நீங்கள் பச்சை நூல் பாட்டிலைத் தொடமாட்டீர்கள். பரவாயில்லை, மூன்று வருஷமாக ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று பிரசங்கத்தின் நடுவே இரண்டு தடவை தண்ணீர் குடித்தீர்கள். வலது பாதத்தில் கட்டுப் போட்டிருக்கிறீர்கள், புண் ஆறவில்லை என்று மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார். இரண்டு பாட்டிலும் ஒரே சட்டியிலிருந்து ஊற்றினதுதான்.

கேசட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஃபாதர். லாய்ட் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, புட்டிகள் குப்பைத்தொட்டியில் விழுந்ததும் முதலில் கைதட்டினவர் நீங்கள்தான்.