அக்கரை டவர்

ஜியான்: ஃபோன் அடிக்கல.

யாபிங்: இருங்க சார், இப்பதான் போட்டேன்.

ஜியான்: அடிச்சா கையத் தூக்கிக் காட்டச் சொன்னல்ல? உங்கம்மா குனிஞ்சபடியே சிப்பி கொத்திட்டு இருக்காங்க. காதுல என்ன வருது?

யாபிங்: அந்தப் பொம்பளக் குரல்தான். 'நீங்கள் அழைக்கும் எண்'...

ஜியான்: 'தொடர்பு எல்லைக்கு வெளியே.' சரி, பார்த்தாச்சு. கிளம்பலாமா?

யாபிங்: கிளம்பறதா? சிஞ்சு ஆபீஸ்லருந்து இந்தக் கின்மென் தீவு வரைக்கும் பறந்து வந்தது ஒரே ஒரு கால் போட்டுப் பார்க்கறதுக்கா?

ஜியான்: நீதான் இழுத்துட்டு வந்த. நானா வரேன்னு சொன்னேன்?

யாபிங்: மீட்டிங்ல சிரிச்சீங்கல்ல, அதான் இழுத்துட்டு வந்தேன்.

ஜியான்: சிரிக்கல. 'கடற்கரைக் கேஸ்'னு சொன்னேன். நாடு பூரா வாங்கப் போற ஃபோன் இது. அதுல எத்தன பேர் இந்தச் சேத்துல நின்னு பேசப் போறாங்க?

யாபிங்: யாரும் பேச வேணாம். 'வத்தின கடல் தண்ணி திரும்புது, வா'ன்னு வீட்லருந்து கூப்பிட்டா அடிக்கணும். அவ்ளோதான். அதுக்குத்தான் ஃபோன்.

ஜியான்: இன்னைக்கு அஞ்சு மணிக்கு மென்பொருளப் பூட்டிடுவாங்க யாபிங். அதுக்கப்புறம் ஒரு எழுத்து கூட உள்ள போகாது. அடிக்காத உன் மாத்தத்த உள்ள விடுன்னு நான் எப்படிச் சொல்ல? நாலு மணிக்கே ஆபீஸ்லருந்து கேக்கறதாச் சொன்னாங்க.

யாபிங்: கேட்டாங்களா?

ஜியான்: இல்ல, இன்னும் கூப்பிடல. மறந்துட்டாங்க போல.

யாபிங்: ...என்ன சார் சாப்பிடறீங்க?

ஜியான்: உங்கம்மா குடுத்தாங்க. தேங்காய் வாசனையா, நல்லா...

யாபிங்: பச்சைப் பொட்டலமா? டெஸ்ட் பை மேல ஒட்டி வெச்சிருந்தேனே, அதுவா?

ஜியான்: அய்யய்யோ. நான் பாதி தின்னுட்டேனே!

யாபிங்: மெஷின் சொன்ன பேச்சு கேக்கணும்னு எல்லா லேப்லயும் நம்பி வெக்கற தீனி அது. அதப் போய்...

ஜியான்: அதான் அடிக்கல! கேலியா பார்க்காத. எங்க லேப்ல ஒருத்தன் காலாவதியான பொட்டலத்த வெச்சுட்டான், அன்னைக்கே சர்வர் படுத்துடுச்சு. பசிச்சாக்கூட நான் அதத் தொட மாட்டேன்.

யாபிங்: வாயத் துடைச்சுட்டுச் சொல்லுங்க. டாக்டர் பட்டம் வாங்கினவரு பேசற பேச்சா இது?

ஜியான்: எங்கப்பாவும் எஞ்சினியர்தான். அவரும் வெப்பாரு.

யாபிங்: உங்க வீட்ல அப்பாவும் எஞ்சினியர், பொட்டலத்துக்கும் பரம்பரை. எங்க வீட்ல நான்தான் முதல் பட்டம். என் மாத்தத்த நம்பினேன், பொட்டலத்த சும்மா ஒட்டினேன்.

ஜியான்: நம்பின மாத்தம்தான் அடிக்கலையே.

யாபிங்: அம்மா! அம்மோவ்! மேல வா!

ஜியான்: மெதுவா. கடல் தாண்டி அக்கரைக்கே கேக்கும்.

யாபிங்: கேக்கட்டும். அக்கரைக்காரன் டவர் இவ்ளோ நாளா நம்ம காதுல கத்தறான்ல?

அம்மா: என்னடி இந்தக் கத்து கத்தற? கூடை பாதிகூட நிறையல.

யாபிங்: ஃபோன் அடிச்சுதா?

அம்மா: எந்த ஃபோன்?

யாபிங்: பாக்கெட்ல குடுத்தனுப்பினேனே!

அம்மா: ஓ, அதா. அடிக்கலையே. தம்பி, வெயில்ல நிக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க. வீட்டுக்குப் போய் சிப்பிக் கஞ்சி வெக்கறேன்.

யாபிங்: ஃபோனக் குடு. ...அம்மா. இது ஏரோப்ளேன் மோட்ல இருக்கு.

அம்மா: அப்படியா?

யாபிங்: அப்படியாவா? யார் அமுக்கினது, சிப்பியா?

அம்மா: கை தானா போயிருக்கும்டி. தம்பி, எங்க ஊர்ல கரைச் சுவர் தாண்டினா எல்லாரும் அந்தப் பொத்தான அமுக்கிடுவோம். இல்லன்னா 'அக்கரைக்கு நல்வரவு'ன்னு வந்துரும். அப்புறம் மாசக் கடைசில ரோமிங் பில் வரும் பாருங்க... அதான் பழகிப் போச்சு.

யாபிங்: நாலு தடவ சொன்னேன், எதையும் தொடாதன்னு!

அம்மா: தொட்டுட்டேன், என்ன இப்ப? தம்பி, கிழவி மறந்து அணைச்சுட்டான்னு எழுதிக்கோங்க. அதோட விடுங்க. கஞ்சி குடிச்சுட்டு...

யாபிங்: விடறதா? இது டெஸ்ட்டே இல்ல சார். அணைச்ச ஃபோன் எப்படி அடிக்கும்? மறுபடி பண்ணணும்.

ஜியான்: சரி, இது கணக்குல வேணாம். ஆனா அம்மா, ஒண்ணு கேக்கவா? போன குளிர்காலத்துல நீங்க தண்ணில மாட்டிக்கிட்டீங்களாமே. டாக்ஸி ஓட்டினவர் சொன்னாரு.

அம்மா: அவனுக்கு வேற வேலையில்ல. இடுப்பு வரைக்கும்தான் ஏறுச்சு. பக்கத்துச் சிப்பிக் கல்லுக்காரர் வந்து இழுத்துட்டுப் போயிட்டாரு.

ஜியான்: ஃபோன்?

அம்மா: அன்னைக்கு... வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டேன் தம்பி. அலமாரி மேல. என் ஞாபகமறதி. என்னடி முறைக்கற?

யாபிங்: ஒண்ணுமில்ல. தண்ணி எப்ப திரும்பும்?

அம்மா: இப்பவே திரும்ப ஆரம்பிச்சுடுச்சு. அதான் சொல்றேன், இன்னைக்கு வேணாம்.

ஜியான்: யாபிங், நான் கேக்கணும்னே இருந்தேன். லேப்ல எந்த ஃபோன்லயும் வராத தப்பு இது. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?

யாபிங்: சும்மாதான். தோணுச்சு.

ஜியான்: சும்மா யாருக்கும் தோணாது.

அம்மா: என் பொண்ணுக்குத் தோணும். தம்பி, ஃபோன் எப்பவும் முழிச்சிட்டே இருக்கறதில்ல, தெரியுமா உங்களுக்கு?

யாபிங்: அம்மா, அவரு அதுலதான் டாக்டர் பட்டமே வாங்கினாரு.

அம்மா: இருக்கட்டுமே. நான் சரியா சொல்றேனான்னு பார்க்கட்டும். அது தூங்குது தம்பி. கண்ணு இமைக்கற நேரத்துக்கு ஒரு தடவ காத மட்டும் திறக்கும். டவர் நம்ம பேரச் சொல்லிக் கூப்பிடுதான்னு கேக்கும். கூப்பிடலன்னா திரும்பப் படுத்துக்கும். சரியா?

ஜியான்: சரிம்மா.

அம்மா: இங்க கல்லுக்குப் போனா நம்ம டவர் குன்றுக்குப் பின்னால போயிடுது. முணுமுணுன்னு கேக்குமா கேக்காதான்னு இருக்கும். ஃபோன் தவிச்சுப் போய்த் தேடும். முதல்ல கடைசியா பார்த்த டவர. அப்புறம் கண்டதையும்...

யாபிங்: கண்டதையும் இல்லம்மா. எல்லா அலைவரிசையையும்.

அம்மா: அதான். அக்கரை டவர் எதிர்லயே நின்னு கத்துதா, இது அங்க ஓடிப் போய்க் கதவத் தட்டுது. நாங்க பில்லுக்குப் பயந்து வெளியூர்ச் சேவைய, அதான் அந்த ரோமிங்க, மூடிட்டோமில்ல, அவன் 'போ வெளிய'ன்னுடறான். உடனே இதுக்கு ரோஷம் வந்துரும்.

ஜியான்: ரோஷமா?

யாபிங்: ரோஷம் இல்ல. பேட்டரிய மிச்சம் பிடிக்கணும்னு தேடறத நிறுத்திட்டு நீளமாத் தூங்கிடும். நம்ம டவர் திரும்ப லேசா கேக்க ஆரம்பிச்சாலும் தெரியாது. அந்த நேரத்துல யார் கூப்பிட்டாலும் அடிக்காது.

அம்மா: ரோஷம்னா அதுதானே! இவ என்ன பண்ணிட்டான்னா, 'அவமானப்பட்ட வாசல ஞாபகம் வெச்சுக்கோ, அங்க திரும்பப் போகாத, நம்ம வீட்டு முணுமுணுப்பையே காதக் கூர்மையாக்கிக் கேளு'ன்னு சொல்லிக் குடுத்துட்டா. நாலு வரிலயாம்.

ஜியான்: இவ்ளோ தெளிவா அவ மீட்டிங்ல சொல்லலையே.

யாபிங்: சொன்னேன். நீங்க பாதில 'பேட்டரி'ன்னீங்க. எல்லாரும் தலையாட்டினாங்க.

ஜியான்: பேட்டரி போகும்ல?

யாபிங்: எல்லா ஃபோன்லயும் போகாது சார்! அப்படி விரட்டப்பட்ட ஃபோன் மட்டும்தான் கொஞ்சம் அதிகமா முழிக்கும். தைபே நகரத்துல ஒருத்தருக்கும் வித்தியாசமே தெரியாது. பேப்பர்ல போட்டுக் காட்டினேன். 'நல்ல முயற்சி'ன்னு சொல்லி அடுத்த ஆளக் கூப்பிட்டீங்க. நல்ல முயற்சியாம்! சின்னப் புள்ளைக்கு ஓட்டப் பந்தயத்துல சொல்றத!

ஜியான்: உங்க பொண்ணு ஆபீஸ்லயும் இப்படித்தாம்மா.

அம்மா: இங்க இதவிட மோசம். காலேஜ்லருந்து வந்த முதல் நாளே, கூடையத் தப்பா தூக்கறாருன்னு அவ அப்பாகிட்ட சண்டை.

யாபிங்: தப்பாதான் தூக்கினாரு. ஃபோனக் குடு, நான் கல்லுக்குப் போறேன். தண்ணி ஏறுது, நீ இங்கயே நில்லு.

அம்மா: அந்தச் செருப்போடயா? சிப்பி ஓடு கிழிச்சுடும். நான் போறேன்.

யாபிங்: அப்ப என் முன்னாலயே ஆன் பண்ணு. ...சரி. இப்ப தேடுது. பாக்கெட்ல போடு. கைய வெளிய எடு.

அம்மா: அபிங், கண்ணு...

யாபிங்: என்ன?

அம்மா: அடிக்கும்தானே?

யாபிங்: அடிக்கும்.

அம்மா: நிச்சயமா?

யாபிங்: நான் செஞ்சதும்மா. அடிக்கும், போ.

ஜியான்: இவ்ளோ உறுதியாச் சொல்லிட்டியே.

யாபிங்: சொல்லியாச்சு.

ஜியான்: அடிக்கலன்னா?

யாபிங்: அடிக்கும்னு சொன்னேன்ல. போதுமா? அவங்க எந்தக் கல்லுக்குப் போறாங்க? அய்யோ, கடைசிக் கல்லுக்குப் போறாங்களே... அம்மா, அங்க போதும்! கேக்கல போல.

ஜியான்: இதான் சரியான இடம். இங்கருந்து குன்று முழுசா மறைக்குது. போடு.

யாபிங்: போட்டாச்சு.

ஜியான்: பொம்பளக் குரலா? யாபிங்?

யாபிங்: மணி போகுது. சார், மணி போகுது!

அம்மா: ஹலோ? ஹலோ, யாருங்க?

யாபிங்: யாருங்களா? நான்தாம்மா!

அம்மா: கத்தாதடி, காது போகுது. அடிச்சுது அபிங்! ரெண்டாவது மணிலயே எடுத்துட்டேன். நம்ம டவர்தான், பேரு தெரியுது! தம்பிகிட்டச் சொல்லு, ரெண்டு கையையும் தூக்கறேன்னு...

யாபிங்: தூக்காத, ஃபோன் தண்ணில விழும்! நட, திரும்பி வா. பேசிட்டே வா... வெச்சுட்டாங்க.

ஜியான்: ரெண்டு கையும் மேலதான் இருக்கு. ஃபோனும்.

யாபிங்: பார்த்தீங்கல்ல?

ஜியான்: பார்த்தேன். ஆனா ஒரு தடவ அடிச்சா தற்செயலாக் கூட...

யாபிங்: சார், ஒரு நிமிஷம், எனக்கு வேற கால் வருது. ஹலோ? ஆமா, என்கூடத்தான் இருக்காரு. ...அப்படியா? எப்பருந்து? ...இருங்க, குடுக்கறேன். ஆபீஸ் சார். நாலு மணிலருந்து உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம்.

ஜியான்: என் ஃபோன் அடிக்கவே இல்லையே.

யாபிங்: அதுல என் நாலு வரி இல்லையே. மத்தியானம் அம்மாகூட கல்லு வரைக்கும் இறங்கிப் போனீங்க. விமான நிலையத்துலயே வெளியூர்ச் சேவையையும் மூடிட்டீங்க. எடுத்துப் பாருங்க, ரோஷப்பட்டுத் தூங்கிட்டு இருக்கும்.

ஜியான்: ...தூங்குது.

யாபிங்: கடற்கரைக் கேஸ் சார்.

ஜியான்: குடு அத. ஹலோ. ஆமா, கேக்குது. ...பார்த்தேன். அடிச்சுது. ரெண்டு விதமாவும் பார்த்துட்டேன், அடிக்காததையும் சேர்த்து. உள்ள போகட்டும். ...பேட்டரி கணக்க நான் பார்த்துக்கறேன். ...என்ன பேரு போடறதா? குழு பேரு...

யாபிங்: சார்.

ஜியான்: இல்ல, குழு இல்ல. வெங் யாபிங். முழுப் பேரு. ஆமா, அந்தச் சண்டைக்காரிதான். வெச்சுடறேன். இப்பவாவது சிரியேன்.

யாபிங்: அப்புறமா.

ஜியான்: நான் போய் டாக்ஸியப் பிடிக்கறேன். நீ அம்மாவ மெதுவாக் கூட்டிட்டு வா. இந்த மிச்சப் பொட்டலத்த என்ன பண்றது?

யாபிங்: தின்னுடுங்க. அது இல்லாமலே அடிச்சுது.

அம்மா: எங்க அந்தத் தம்பி போறாரு? கோபமா?

யாபிங்: டாக்ஸி பிடிக்க. உள்ள போட்டாச்சும்மா. என் பேருலயே.

அம்மா: உன் பேருலயா? முழுப் பேருமா?

யாபிங்: முழுப் பேரு.

அம்மா: அப்ப அவருக்குக் கஞ்சி மட்டும் போதாது. சோளச் சாராயம் ஒரு பாட்டில் குடுத்தனுப்பணும். சந்தைக்கும் போகணும். மீன்காரி இருக்காளே, அவ மகன் பேங்க்ல இருக்கான்னு பீத்திக்குவா...

யாபிங்: அம்மா, பேச்ச மாத்தாத. கரைச் சுவர் தாண்டினா கை தானா போகுமா?

அம்மா: பழக்கம்டி.

யாபிங்: நான் செஞ்ச முதல் ஃபோன உனக்குக் குடுத்தப்போ, அணைக்காத, தண்ணி நேரத்துக்குக் கூப்பிடுவேன்னு சொன்னேன். அன்னைலருந்து நீ ஒரு நாளும் அமுக்கினதில்ல. இன்னைக்கு மட்டும் எப்படிப் போச்சு?

அம்மா: வயசாகுதுல்ல.

யாபிங்: குளிர்காலத்துல அலமாரி மேல வெச்சுட்டுப் போனதும் வயசா?

அம்மா: ஆமா.

யாபிங்: அலமாரி மேல நம்ம டவர் நல்லா கேக்கும்மா. அங்க இருந்திருந்தா எடுக்க ஆள் இல்லாம மணி அடிச்சுட்டே இருந்திருக்கும். அன்னைக்கு நான் விடாம கூப்பிட்டேன். ஒரு தடவகூட மணி போகல. அந்தப் பொம்பளக் குரல்தான் வந்துச்சு. நீ பொய் சொல்றன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தப்ப நான் சும்மா கண்டுபிடிக்கல. ஏம்மா?

அம்மா: கையிலதான் இருந்துச்சு அபிங். தண்ணி இடுப்புக்கு வர்ற வரைக்கும் அதையே பார்த்துட்டு நின்னேன், இப்ப அடிக்கும், இப்ப அடிக்கும்னு. ஊர் பூரா காட்டி வெச்சிருந்தேன், என் பொண்ணு செஞ்ச ஃபோனுன்னு. அது அடிக்கலன்னு என் வாயால சொல்வேனா? அதான் இன்னைக்கும் நானே அணைச்சேன். அந்தத் தம்பி முன்னால மறுபடி அடிக்காமப் போச்சுன்னா, கிழவி அணைச்சுட்டான்னு இருக்கட்டும். நீ செஞ்சது அடிக்கலன்னு இருக்கக் கூடாது. ...இப்ப அழாத, தண்ணி ஏறுது. நட. நடந்துட்டே இன்னொரு தடவ கூப்பிடு, கேப்போம்.