ஒலகம் உருப்படாது

…அத்தினி பேரு கீற நம்ம ஃபிளாட்டு வாட்ஸ்அப் குரூப்புல "தாயம்மா மேடம் மன்னிப்பு கேக்கணும்"னு போடுறாரு அந்த செக்ரட்டரி ராகவன். மேடமாம். நேர்ல பாத்தா "ஏம்மா"ன்னுதான் கூப்புடுவாரு. ஸ்வாதி, நீ பாட்டுக்கு துணிய காயப்போட்டுக்கினே கேளு கண்ணு. ஆனா இப்பிடி திரும்பிக்க. இந்த மொட்டமாடிலயும், அந்தாண்ட தண்ணி டேங்க் மேல, கேமரா கீது. நம்ம வாய் அசையுறது கூட அவரு போன்ல தெரியும்.

நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்? பிளாக் எழுதுனேன். படிச்ச புத்தகத்தப் பத்தி இன்டர்நெட்ல எழுதுற பிளாக். ஏன் சிரிக்கிற? ஏழாவதோட நின்னவ எழுதக்கூடாதா? எழுதுறது கூட இல்ல, போன்ல பேசுனா அதுவே டைப் அடிச்சிக்குது. என் பொண்ணு அருள்மொழிதான் ஆரம்பிச்சி குடுத்தா. "நாள் பூரா என்னாண்ட பொலம்புறத அதுல பொலம்பும்மா, எனக்கு ஆபீஸ் வேல கீது"ன்னா. சரின்னு "ஒலகம் உருப்படாது"ன்னு பேரு வச்சேன்.

காதல் கதை, குடும்பக் கதையெல்லாம் நான் தொட மாட்டேன். குடும்பந்தான் ஊட்லயே கீதே. கெட்டுப்போன ஒலகக் கதை மட்டும்தான். டிஸ்டோப்பியான்றாங்களே, அது. திருமுல்லைவாயில் லைப்ரரில தமிழ்லயே ஒரு தட்டு கீது, எவனும் தொடாம தூசி புடிச்சிக்கினு. மொதல்ல எடுத்த கதைல, வருங்காலத்துல டோக்கன் போட்டு தண்ணி குடுக்குறாங்க, சனங்க கொடத்தோட வரிசைல நிக்குது. அத படிச்சி நான் நடுங்கணுமாம். இன்னாத்த நடுங்குறது? அது எனக்கு போன கோடை. "எழுதுனவரு ஒரு தபா ஆவடி பக்கம் வந்து லாரிக்கு கொடம் போட்டிருந்தா கதை இன்னும் நல்லா வந்திருக்கும்"னு பிளாக்ல போட்டேன். மலேசியாலேர்ந்து யாரோ ஒருத்தரு, "அக்கா, சிரிச்சி வயிறு வலிக்குது, அடுத்தது எப்போ?"ன்னு கேட்டிருந்தாரு. கண்ணு, இந்த ஊட்ல நான் ஆரம்பிச்ச பேச்ச எவனாச்சும் முடிவு வரிக்கும் கேட்டிருக்கானா? அங்க கேக்குறாங்க.

அடுத்த கதைலதான் வெனை வந்துது. அதுல தெருவுக்குத் தெரு கேமரா. யாரு எப்ப வரான், பையில இன்னா கீது, எல்லாம் மேல கீற ஒருத்தனுக்குத் தெரியும். அவன் எப்பிடியிருப்பான்னு படிக்கிறவங்களுக்குப் புரியணுமில்ல? "எங்க பருத்திப்பட்டு ஃபிளாட் செக்ரட்டரிக்கு மீசைய எடுத்துட்டா அப்பிடியே இவன்தான்"னு எழுதுனேன். ஒரே வரி. நல்லா வந்துகீதேன்னு நானே குரூப்புல அனுப்பியும் வச்சேன்.

இப்ப ஞாயித்துக்கெழம மீட்டிங்காம். பிளாக்க அழிக்கணுமாம், இல்லாங்காட்டி போலீசாண்ட போவாராம். எங்க ஊட்டுக்காரரும் "அழிச்சித் தொலை"ன்றாரு. நான் அழிக்க மாட்டேன். நீ புதுசா வந்தவ, படிச்சவ. எனக்காக ஒரு கைய தூக்குனா இன்னும் நாலு கை தூக்கும்.

இன்னா? கேமரா போடச் சொன்னது யாருன்னா? உனக்கு யாரு சொன்னா, வாட்ச்மேன் சின்னசாமியா?

சரி. நான்தான். தெனம் வாசல்ல பால் பாக்கெட்டு காணாம போனா மனுஷி சும்மா இருப்பாளா? மீட்டிங்ல எழுந்து, "ஒரு கேமரா வைக்கத் துப்பில்லாம செக்ரட்டரி எதுக்கு?"ன்னு கேட்டேன். கை தட்டுனாங்க. வச்சாரு. மொத நாளே அதுல மாட்டிக்கினது யாரு? என் ஊட்டுக்காரரு. பாக்கெட்ட பல்லால கிழிச்சி, கார் நிறுத்துற எடத்துல பூனைங்களுக்கு ஊத்திக்கினு, "தங்கம், செல்லம்"னு கொஞ்சிக்கினு. என்னாண்ட ஒரு நாளும் அப்பிடி பேசுனதில்ல. அத ராகவன் குரூப்புல போட்டாரு. எனக்கு எரியாதா? அந்த மீசை வரி சும்மா வந்துதா?

அவரு இன்னொண்ணும் சொல்லுவாரு, அத நானே சொல்லிர்றேன். கேமரா அவரு போன்ல மட்டும் இல்ல, என் போன்லயும் ஓடுது. பாக்குற பொறுப்ப கேட்டு வாங்கிக்கினேன். தப்பா நெனைக்காத, பிளாக்குக்கு விஷயம் வேணாமா? நேத்து நீ பிரியாணி பொட்டலத்த லிஃப்ட்லயே பிரிச்சி தின்னியே, அந்த அவசரம் கீதே, பஞ்சம் வந்த ஒலகம் தோத்துச்சி. அடுத்தது அதத்தான் எழுதலாம்னு…

ஏ, எங்க போற? பாதி துணி பக்கெட்டுலயே கீது.

லிஃப்ட்ட உட்டுட்டு படியில எறங்குறியா? அங்கயும் ஒண்ணு வச்சிகீறோம் கண்ணு. இரு, போன எடுக்குறேன்… இதோ, போன்ல வந்துட்ட. துப்பட்டாவால மூஞ்ச மூடிக்கினு ஓடுறா பாரு. ஓடு, ஓடு. ஞாயித்துக்கெழம கைய மட்டும் தூக்கிடு. மீட்டிங் ஹால்லயும் ஒண்ணு கீது, நான் பாத்துக்கினுதான் இருப்பேன்.