நாலு வரிக்கு மேல் ஏற்றாது

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வயது தடையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கற்றுக்கொண்டு பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை.

மருமகள்தான் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். "புதுசா வந்திருக்கு அத்தை. நாலு வரி எழுதினாப் போதும், ஊரே படிக்கும்."

எழுதினேன். 'இன்று நல்ல மழை.' ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. 'துணி காயவில்லை.' மருமகள் மட்டும் ஒரு இதயம் போட்டாள், அதுவும் நான் கூப்பிட்டுக் கேட்ட பிறகு. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் வரும்.

அந்த எரிச்சலில் இருந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கண்ணாடியைத் தேடவே ஒரு கண்ணாடி வேணும்போல. அதை எங்கம்மா வச்சே?"

"உங்க நெத்தியில."

அப்படியே போட்டேன். முன்பின் தெரியாத ஜனமெல்லாம் சிரித்தது. 'கண்டக்டர் ஐயா இன்னிக்கு என்ன சொன்னார்?' என்று மறுநாள் கேட்டார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயிறு நிறைந்து, உடம்பில் வலியில்லாமல் இருந்தால் அந்த மனிதர் வாயே திறக்கமாட்டார்.

ஆகவே கண்ணாடியை நானே எடுத்து ஒளித்து வைத்தேன். பிறகு நாற்காலிக் காலில் இருந்த ரப்பரைக் கழற்றினேன்.

"நாற்காலியும் உன்னை மாதிரியே ஆயிடுச்சு. சாய்ஞ்சா தள்ளி விடுது."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இடுப்பை எழுதவில்லை, படிப்பவர்கள் வருத்தப்படுவார்கள்.

நாளாக நாளாக அவர் பழகிக்கொண்டார். சுவரைத் தடவி நடந்தார், கட்டிலில் உட்கார்ந்தார், பேச்சு நின்றது. கேட்பவர்களும் குறைந்தார்கள். அதனால்தான் குளியலறை ரப்பர் விரிப்பை எடுத்து மாடியில் காயப்போட்டேன். வெயில் இல்லைதான். தரையில் சோப்புத் தண்ணீரும் இருந்தது. வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். வழுக்கினால் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

சொன்னார்.

"உள்ள இடம் இருக்கு, உள்ள போங்கன்னு காலம் பூரா கத்தினேன். கடைசியில என்னையே பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க பாரு. டிக்கெட்டும் என்கிட்டதான் இருக்கு. ஏம்மா, எந்திரிக்க முடியல. கையைக் குடு."

அதுவரை அவர் அவ்வளவு நன்றாகப் பேசினதில்லை. மறந்துவிடுமே என்று வாசற்படியில் நின்றபடியே எழுதினேன். கூடிப்போயிற்று, நாலு வரிக்கு மேல் அது ஏற்றாது. 'பாரு'வை எடுத்தேன், போதவில்லை. 'எந்திரிக்க முடியல'வை எடுத்தேன். 'கையைக் குடு' என்பதையும் எடுத்த பிறகுதான் சரியாக உட்கார்ந்தது. நிமிர்ந்தபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

ஆமாம், அதைப் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆனால் அவர் சொல்லாத ஒரு சொல்லையும் நான் சேர்த்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் போனைக் கொடுத்துவிடுங்கள். வெளியே என் தங்கை காத்திருக்கிறாள், இனி அவள்தான் எனக்குத் துணை. பெஞ்சு முதுகைக் குத்துகிறது என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளும் நன்றாகத்தான் பேசுகிறாள்.