கூப்பிடு தூரத்தைக் காதால் அளந்த எழுத்தருக்கு

ஆவுடையூர், கரிசல்நத்தம் பஞ்சாயத்து போர்டுகளின் வெடிச்சத்தக் கூட்டுக் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வுபெறும் திரு. தேவாசீர்வாதம் அவர்களுக்கு உடன் பணியாற்றுவோர் வாசித்தளிப்பது

ஏசுவோர் இரு பக்கமும் ஏசியபோதும் ஏடும் எழுதுகோலும் கீழே வைக்காத எழில்மிகு எழுத்தரே! பொறுமைக்குப் பொருள் கேட்போர்க்குப் பொழுதெல்லாம் பொருளாய் நின்ற பெரியீர்! இரண்டு ஊர்ச் சண்டையில் இளைத்தும் இன்முகம் மாறாத எம் இனிய அண்ணாச்சியே! வணக்கம்.

அவையோரே, இனி உங்களைப் பார்த்தே சொல்கிறோம். இவரை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார்.

ஆவுடையூரில் பட்டாசுக் கம்பெனி. கரிசல்நத்தத்தில் மிஷன் பிரசவ ஆஸ்பத்திரி. நடுவே, கம்பெனி தன் வெடிகளைச் சோதித்துப் பார்க்கும் பொட்டல். ஒரு ஊருக்குச் சோறு போட்ட சத்தம் மறு ஊரின் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிவாரிப் போட்டது. அதைப் பேசித் தீர்க்க 1954-இல் அமைந்த குழு இதுவரை எழுபத்து மூன்று முறை கூடியிருக்கிறது. பேசியவர்களுக்குச் சலித்ததோ இல்லையோ, டீ வாங்கி வந்த எங்களுக்குச் சலித்துவிட்டது.

முதல் ஒப்பந்தம் எழுதிய அன்று சர்வேயர் வரவில்லை. தலைவர்கள் இருவருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். இவர் யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரி மதிலிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால்தான் வெடி சோதிக்க வேண்டும், அந்தத் தூரத்தைக் குழுவின் எழுத்தர் தம் காதால் கேட்டு உறுதி செய்வார் என்று எழுதினார். எல்லோருக்கும் புரிந்த அளவு என்பதால் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வாயசைவைப் பார்த்து ஏமாற்றக் கூடாது என்று, கேட்பவர் மதிலைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி மேஸ்திரி இருளாண்டி மதிலிலிருந்து பத்து எட்டு நடப்பதற்கு ஒருமுறை நின்று கூப்பிட்டுக்கொண்டே போனார். கேட்கும்போதெல்லாம் இவர் கை தூக்கினார். நானூற்றுப் பத்தாவது எட்டில் கை நின்றது, அங்கே கல் ஊன்றினார்கள்.

அன்றுமுதல் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று நேரம் குறிப்பது இவர் வேலையானது. சீசன் நாட்களில் காலையிலிருந்து மாலைவரை நிற்பார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், அப்புறம் சத்தத்தை எப்படி எழுதுவது என்பார்.

போன ஆனி மாதம் கம்பெனிக்கு ஆர்டர் கூடியது. பொட்டலை ஆஸ்பத்திரிப் பக்கம் நீட்டிக்க வேண்டும் என்று ஆவுடையூர்த் தலைவர் ஊர்க்காவலன் கேட்டார். முந்நூறு பேருக்கு வேலை கிடைக்கும் என்றார், அதுவும் பொய்யில்லை. "ஒப்பந்தத்துல உள்ளபடியே திரும்ப அளந்துருவோம்யா. நீங்க எழுதினதுதான?" என்று இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், விஷயம் அவருக்கு அரசல் புரசலாகத் தெரிந்திருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இவர் மதிலைப் பார்த்து நின்றார். பத்தாவது எட்டில் கை தூக்கினார், இருபதில் தூக்கினார். முப்பதில் இருளாண்டி தொண்டை கிழியக் கத்தியும் கை எழவில்லை.

"முப்பது எட்டு! கல்ல ஊணுங்கப்பா!" என்றார் ஊர்க்காவலன்.

இவர் இன்னும் அடுத்த கூப்பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்துத் திரும்பியபோது, பிரசவ வார்டின் ஜன்னலுக்கு எதிரே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் நர்ஸ் ஜெபராணி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. மகள் இன்பம் ஆசிரியப் பயிற்சியை முடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"நிறுத்துங்கய்யா," என்றார். "என் காது போச்சு. நாலு வருசமா ஒங்க வாயப் பாத்துத்தான் எழுதுதேன். இந்தக் காத வச்சு அளக்காதீக."

ஊர்க்காவலன் விடவில்லை. "அப்ப நாலு வருசமா எழுதின நடவடிக்கைக் குறிப்பெல்லாம்?" என்று வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும். நீங்க யாரும் புதுசா ஒண்ணும் பேசலியே."

இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான். சிரிப்பு அடங்குமுன்பே இவர் பேனாவைத் திறந்து, எழுத்தருக்குக் காது கேளாது என்று குறிப்பேட்டில் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். காது கேளாத எழுத்தரை வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. இவர் இன்று போவது அதனால்தான். எங்களுக்கு வருத்தம், கோபமும்தான்.

மறுவாரம், இரு ஊரும் ஒப்புக்கொண்டு, எழுத்தருக்குப் பதிலாக ஜெபராணி மதிலைப் பார்த்து நின்றார். கையில் தூங்குகிற பிள்ளையின் மூச்சைக் கேட்டே பழகிய காது அது. கல் பழைய இடத்தையும் தாண்டி நானூற்று முப்பதுக்குப் போனது. இந்த முறை அடிக்கணக்கிலும் எழுதிக்கொண்டார்கள். பொட்டல் ஆஸ்பத்திரியை விட்டு விலகி மேற்கே நீண்டது, வேலை கேட்டவர்களுக்கு வேலையும் கிடைத்தது. ஊர்க்காவலன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

புது எல்லையில் முதல் வெடி வெடித்த நண்பகலில் இவரைப் பொட்டலில் காணோம். பிரசவ வார்டில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தொட்டில்களுக்கு நடுவே நின்றிருந்தார். வெடிக்கக் குறித்திருந்த பன்னிரண்டு மணி ஆனது. ஏழு பிள்ளைகளில் ஒன்றும் திடுக்கிடவில்லை. அப்போதும் நம்பாமல், பக்கத்துக் கட்டிலில் கிடந்த செல்லத்தாயிடம் கேட்டார்: "சத்தம் கேட்டுச்சா தாயி?"

அந்தப் பெண் அயர்ந்துபோன கண்ணைத் திறந்து, "எந்தச் சத்தம்யா?" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துவிட்டு இவர் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார்.

ஐயா! உடல் நலமும் உள்ள நலமும் ஓங்க, மகள் வேலைக்குப் போகும் நாளைக் கண்குளிரக் கண்டு, இனியாவது வெயிலில் நிற்காமல் பல்லாண்டு இளைப்பாறுங்கள். தங்களுக்காகவே இம்மடலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி போட்டிருக்கிறோம். வாசித்து முடிக்கும்வரை எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு பொறுமையாக அமர்ந்திருந்தீர்கள். நன்றி ஐயா.

தங்களைப் பிரிய மனமில்லாத,
கூட்டுக் குழு அலுவலகப் பணியாளர்கள்
1966