ஊர்வலப் படத்தில் அக்கா

"குனி! குனிடா!"

பாவா கத்துகிறார். குனிகிறேன். முதலில் ஊளைச் சத்தம். பிறகு ஒரு நொடி எதுவுமே இல்லை. பிறகு நிலம் எகிறி அடிவயிற்றில் இடிக்கிறது. வாய் நிறைய மண். எழுபத்தொன்று, டிசம்பர். கிழக்கு வங்காளம். அறுத்து முடித்த நெல்வயல். ஒளிய வரப்பு மட்டும்தான்.

பாவா என்றால் என் சரோஜா அக்காவின் புருஷன். முனிரத்தினம். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டியவர். நானும் அங்கேதான் தறி ஓட்டினேன். நூல் கிடைக்காத ஒரு வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போய் வரிசையில் நின்றோம். ஒரே கம்பெனியில் போட்டார்கள். அப்போது அவர் எனக்குப் பாவா இல்லை. லீவில் வந்தபோதுதான் திருத்தணி மலைக்கோயிலில் அக்காவுக்குத் தாலி கட்டினார்.

இரண்டாவது குண்டு எங்களுக்கு முன்னால் விழுகிறது. மூன்றாவது பின்னால். அளந்து அடிக்கிறான்.

"எழுந்து ஓடு! வாய்க்காலுக்கு ஓடுடா!"

ஓடினேன். அவர் பின்னால் ஓடி வந்தார். சேற்றிலிருந்து பூட்ஸைப் பிடுங்கும் சத்தம் என் பின்னாலேயே வந்தது. நான்காவது குண்டின் ஊளை எனக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது வாய்க்காலில் கிடந்தேன். காது அடைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பாவா வரப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்து களைத்தவர் மாதிரி. கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிட்டே போனேன். கண் திறந்திருந்தது. இடுப்புக்குக் கீழே பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

இரண்டு நாளில் சண்டை நின்றது. ஜெயித்துவிட்டோம் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் படுத்தபடி கேட்டேன்.

பாவா வீட்டுக்குத் தந்தி போய்விட்டது என்று ஹவில்தார் சொன்னார். நம்பினேன். தந்தி ஆர்.கே.பேட்டைக்குப் போயிருக்கிறது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜனவரியில் மெட்ராஸ் வந்து இறங்கினேன். நாளைக் காலை வருகிறேன் என்று நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தந்தி கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுத்தேன். ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாக வருகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ரயில் அரக்கோணம் தாண்டுகிறது. மலை தெரிகிறது. திருத்தணி பிளாட்பாரத்தில் பேண்டு. காகிதக் கொடியோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள். கேமராவோடு பெஞ்சுமேல் ஏறி நிற்கிறார் ஸ்டுடியோக்காரர். அவர் இல்லாமல் ஊரில் எந்த ஊர்வலமும் இல்லை. சுதந்திர தினம், ஆடிக் கிருத்திகைக் காவடி, பள்ளிக்கூட மார்ச், எல்லாம் அவர் பெட்டிக்குள் போகும்.

இறங்கினேன். சாவு விழுந்த வீட்டுப் பிள்ளைக்குப் பேண்டா? புரியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கழுத்தில் சாமந்தி மாலை போட்டார். அவர் கையில் இன்னொரு மாலை இருந்தது.

"உங்க பாவா எங்கப்பா? அடுத்த பெட்டியா?"

அப்போதுதான் புரிந்தது.

"இல்லைங்க. அவரு இல்லைங்க."

பேண்டு சத்தத்தில் என்ன கேட்டதோ. தலையை ஆட்டிச் சிரித்தார். என்னைத் தூக்கி ஒரு ஜீப்பில் நிறுத்தினார்கள். நைனா கூட்டத்துக்கு அந்தப் பக்கம். கத்தினேன். எல்லோரும் பதிலுக்குக் கத்தினார்கள். ஜே, ஜே என்று.

கடைத்தெருவில் அக்கா நின்றிருந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. தலை நிறையக் கனகாம்பரம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. பல்ப் பளிச்சென்று அடித்தது. ஸ்டுடியோக்காரர் எடுத்துவிட்டார்.

குதித்து இறங்கினேன். அக்கா எட்டி ஜீப்புக்குள் பார்த்தாள்.

"அவரு எங்கடா? பின்னால வந்துகினு இருக்காரா?"

"அக்கா. பாவா இல்லக்கா."

"இல்லன்னா? அடுத்த வண்டியா?"

அவள் தோளைப் பிடித்தேன். கட்டுப் போட்ட கையால். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தட்டு விழுந்தது. ஆரத்தித் தண்ணீர் என் பூட்ஸில் சிவப்பாகத் தெறித்தது. முன்னால் போன பேண்டு நிற்கவில்லை. தெருக்கோடி வரைக்கும் வாசித்துக்கொண்டே போனார்கள். பின்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் படம் பெரிதாகி ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது. கீழே 'வெற்றி ஊர்வலம்' என்று எழுதியிருந்தது. நான் அந்தத் தெருவையே விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போவேன். குண்டுச் சத்தம்கூடக் கனவில் குறைந்தது. அக்காவின் சிரிப்பு குறையவில்லை. ஒரு நாள் போய், எடுத்துடுங்க என்றேன். ஸ்டுடியோக்காரர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்தார்.

அடுத்த வாரம் அக்கா என்னிடம் வந்தாள். கோபமாக.

"அந்தப் படத்த நீதான் எடுக்கச் சொன்னியா?"

"ஆங். பாக்க முடியலக்கா. நீ சிரிச்சிகினு இருக்கற. அவரு போயி ஒரு மாசம் ஆயிடுச்சி அப்ப."

"எனக்குத் தெரியாது இல்ல? அதுல எனக்கு இன்னும் தெரியாதுடா. அதுல அவரு பின்னால வந்துகினு இருக்காரு."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"என்னையே பொட்டும் பூவுமா வேற எங்கடா பாக்கறது நானு?"

நானே போய்த் திரும்ப வைக்கச் சொன்னேன். கீழே எழுதியிருந்ததை மட்டும் ஸ்டுடியோக்காரர் எடுத்துவிட்டார். கடைக்குப் போகும்போதெல்லாம் அக்கா அங்கே நிற்பாள். நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். அவள் பார்த்து முடிக்கும்வரை. இத்தனை வருஷம் கழித்தும் நிற்கிறோம்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த வயலில் எங்கள் ஆட்கள் மூன்று பேர். திருநெல்வேலிக்காரர் ஒருவர். பாலக்காட்டுக்காரர் ஒருவர். எங்கள் பாவா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. என் விரல்கள் இரண்டு. அந்தக் கையோடு மறுபடி தறியில் உட்கார முடியவில்லை. ஆர்.கே.பேட்டை வீடு இடிந்தது. பாவாவின் உடல் வரவில்லை. அங்கேயே எரித்தார்கள். நான் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.